ஸ்பிட்ஃபயர் மார்க் 3: மட்கார்டு உச்சியில் ஓடும் வரியை மூடுவதா, விடுவதா?

#1 கேன்லிக்காரன்

வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இப்போது வசமாக மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கினேன், திறந்த கூரை உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். 1968 வண்டி, 1296 சிசி. வண்டி எண் எஃப்.டி. என்று தொடங்குகிறது, ஆகவே மார்க் 3, அதாவது மூன்றாம் பதிப்பு, என்பதில் சந்தேகம் இல்லை. நான் இருப்பது கோவென்ட்ரி. இந்த வண்டி பிறந்த கேன்லி ஆலை இருந்த இடத்துக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், அந்தப் பாசத்தில் வாங்கியது. சேஸிஸ் நன்றாக இருக்கிறது, இன்ஜினும் ஓடுகிறது. தலைவலி பானெட்தான்.

ஸ்பிட்ஃபயர் பானெட் வெறும் மூடி இல்லை. இரண்டு முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அந்த மட்கார்டு உச்சியில், ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து முன்கண்ணாடிப் பக்கம் வரை, இரண்டு புறமும் பெயிண்ட் தலைமுடி போல வெடித்திருக்கிறது. நகத்தை ஓட்டினால் மாட்டுகிறது.

பக்கத்தில் ஒரு பாடி ஷாப்பில் காட்டினேன். "தோண்டிவிட்டுப் புதுப் பட்டி வைத்து இழைத்துவிடலாம், ஒரு வாரம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அப்புறம் ஒரு பழைய கார் கூட்டத்தில் இன்னொரு மார்க் 3 பார்த்தேன். அதில் இதே இடத்தில் முதுகெலும்பு மாதிரி ஒரு வரி எழும்பி நிற்கிறது, அதன் மேல் மெல்லிய பட்டை. என் வண்டியில் வழவழவென்று இருக்கிறது. எது சரி? கம்பெனியே இப்படி ஒரு ஒட்டு வரியைக் கண்ணுக்கு நேராக விட்டு வைத்திருக்குமா?

#2 ஈயம்பூசி

தம்பி, விட்டுத்தான் வைத்தார்கள். பட்டி வேலையை நிறுத்திவையுங்கள்.

1962-ல் முதல் ஸ்பிட்ஃபயர் வந்ததிலிருந்து மார்க் 3 முடியும் வரை அந்த வரி உண்டு. 1970 கடைசியில் மார்க் 4 வந்தபோதுதான் பானெட் அச்சையே மாற்றி அந்த வரியை எடுத்தார்கள். ஸ்பிட்ஃபயரின் கூடப்பிறந்த ஜிடி6 வண்டியிலும் அதே கதைதான்: முதல் இரண்டு மார்க்குகளுக்கு வரி உண்டு, மூன்றாவதற்குக் கிடையாது. உங்கள் 1968 வண்டியில் வழவழப்பு இருக்கிறது என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்.

ஏன் அப்படி ஒரு வரி? ஸ்பாட் வெல்டிங் துப்பாக்கியைப் பார்த்திருக்கிறீர்களா? நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும். இரண்டு செம்பு முனைகள் இரண்டு தகட்டையும் இரு பக்கமிருந்தும் கவ்விப் பிடிக்க வேண்டும், நடுவில் மின்சாரம் பாயும், அந்தப் புள்ளியில் தகடு உருகி ஒட்டிக்கொள்ளும். கொடுக்கு போய்க் கவ்வ இடம் வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டு தகட்டின் ஓரத்தையும் மேல்நோக்கி மடித்து, முதுகோடு முதுகாக நிறுத்தி, வரிசையாகக் கவ்விக்கொண்டே போனார்கள். எழும்பி நிற்கும் மடிப்பின் மேல் ஒரு பீடிங்கை, அதாவது மூடும் மெல்லிய பட்டையை, செருகினால் வேலை முடிந்தது. ஈயம், அரம், உப்புத்தாள் எதுவும் தேவையில்லை.

1959-ல் வந்த மினியைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். முன் மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையில் வெளியே ஒரு வரி பிதுங்கி நிற்குமே, அதுவும் இதே கணக்குதான். மினியில் அதை யாரும் குறை சொல்வதில்லை, ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள்.

#3 பெரம்பூர் பாலம்

இந்த வரியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்!

ஸ்பிட்ஃபயருக்கு அடியில் இருப்பது ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸை வெட்டிச் சுருக்கியது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி "ஸ்டாண்டர்ட் ஹெரால்டு" என்று போட்டது. எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. நாலு கதவு மாடல். இங்கிலாந்துக்காரர்களுக்கே அது கிடையாது, இந்தியாவுக்கு மட்டும் வந்தது. அதிலும் பானெட் இதே மாதிரி மொத்தமாக முன்பக்கம் சாயும். நடுரோட்டில் வண்டி நின்று அப்பா பானெட்டைத் தூக்கினால் போதும், ஏதோ முதலை வாயைப் பிளந்த மாதிரி சுற்றிலும் பத்து பேர் கூடிவிடுவார்கள். அதில் பாதிப் பேர் யோசனை சொல்வார்கள்.

அந்த மட்கார்டு மேல் பட்டையை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தேய்ப்பது என் வேலை. ஒரு வருடம் அதிக உற்சாகத்தில் இழுத்துக் கழற்றிவிட்டேன். அடியில் பார்த்தால் இரண்டு தகரம் ஒட்டி நிற்கிறது, நடுவில் துரு. "அய்யோ, காரை உடைத்துவிட்டோம்" என்று பயந்து சத்தம் போடாமல் திரும்பச் செருகி, அதன் மேல் சந்தனப் பொட்டு வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது.

#4 நேர்க்கோடு

எல்லோரும் ஒரு பக்கமாகவே சாய்கிறீர்கள், நான் மறுபக்கம் நிற்கிறேன்.

அந்த வரி கலையம்சம் ஒன்றும் இல்லை, காசில்லாததன் அடையாளம். ஸ்பிட்ஃபயரை வரைந்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலாட்டி. மாதிரி வண்டி தயாரான நேரம் அதைச் செய்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனி கையில் பணம் இல்லை. 1961-ல் லேலண்ட் வந்து கம்பெனியை வாங்கிச் சுற்றிப் பார்த்தபோது, ஆலை மூலையில் துணி போர்த்திக் கிடந்த அந்த மாதிரி வண்டியைக் கண்டெடுத்தார்கள் என்பது தெரிந்த கதை. அப்படிப் பிறந்த வண்டிக்குப் பெரிய அச்சு செய்யவா பணம் இருந்திருக்கும்? சின்னச் சின்னத் துண்டாக அடித்துப் பொருத்தினார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 1970-ல் வரியை எடுத்தார்கள். அந்தத் திருத்தத்தையும் செய்தவர் அதே மிக்கெலாட்டிதான். வரைந்தவரே வேண்டாம் என்று எடுத்ததை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கேன்லிக்காரரே, வண்டி உங்களுடையது. அழகாக வேண்டும் என்றால் மூடுங்கள். மியூசியத்தில் வைக்கப்போகிறீர்களா என்ன?

#5 ஈயம்பூசி

நேர்க்கோடு சொன்ன வரலாறு சரி, முடிவுதான் இடிக்கிறது. அழகை ஒதுக்கி வையுங்கள். நான் பேசுவது வெடிப்பைப் பற்றி.

அந்தப் பானெட்டை ஒருவர் எப்படித் திறக்கிறார்? பின்பக்கம் இரண்டு புறமும் இருக்கும் கொக்கியை விடுவித்துவிட்டு, ஏதாவது ஒரு பக்கம் நின்று தூக்குகிறார். ஒரு பக்கம் மேலே வரும், மறுபக்கம் கொஞ்சம் யோசித்து வரும். ஒவ்வொரு முறையும் ஈரத்துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. கீழே இன்ஜின் சூடு, மேலே மழை. அந்த மடிப்பு ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளில்தான் ஒட்டியிருக்கிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் தகடு துளி அசைந்துகொண்டேதான் இருக்கும். பட்டி அசையாது. அசைகிறதன் மேல் அசையாததைப் பூசினால் வெடிக்காமல் என்ன செய்யும்? தோண்டிப் புதிதாக வைத்தாலும் இரண்டு குளிர்காலம் தாங்கும், அவ்வளவுதான். அப்புறம் வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி மடிப்புக்குள் தங்கும். மேலே பட்டி மூடியிருப்பதால் காயாது. உள்ளே துரு சாப்பிட்டுக்கொண்டிருக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும்.

மூடத்தான் வேண்டும் என்றால் மடிப்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு தகட்டையும் ஓரத்தோடு ஓரம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மெல்லிய தகடு, நீளமான வெல்டிங். சூட்டில் சுருங்கி மட்கார்டு முழுக்க நெளிவு எடுக்கும். அந்த நெளிவை அடித்து எடுக்கத் தெரிந்த ஆள் கேட்கும் கூலிக்கு இன்னொரு ஸ்பிட்ஃபயர் வாங்கிவிடலாம்.

தம்பி, முதலில் ஒரு காந்தத்தை எடுத்து அந்த வரி நெடுக ஓட்டிப் பாருங்கள். அதோடு அது மார்க் 4 பானெட்டா என்பதையும் பாருங்கள், மாற்றிப் போட்டிருக்கவும் கூடும்.

#6 வடலி

வணக்கம். லண்டனில் ஒரு பழைய கார் கராச்சில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களுக்குள் வளர்ந்த ஆள், அதனால் இந்த இழையைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஈயம்பூசி அண்ணை சொன்னது ஸ்பாட் வெல்டிங் வரி. இன்னொரு வகை இருக்கிறது, அதை மூடினால் கார் உங்களை மன்னிக்காது. ஒஸ்ரின் ஹீலி 100 எடுத்துக்கொள்ளுங்கள், 1953-ல் உற்பத்திக்கு வந்தது. காரின் உடம்பை ஜென்சன் கம்பெனி செய்து கொடுத்தது. மட்கார்டு நாலும் இரும்புத் தகடு. ஆனால் முன்னால் கிரில்லைச் சுற்றி முன்கண்ணாடி வரைக்கும் வருகிற மேல் போர்வையும், பின்னால் டிக்கியைச் சுற்றி வருகிற போர்வையும் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் சந்திக்கிற வரியில் பீடிங் வைத்து போல்ட்டு முறுக்கியிருக்கும்.

இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணி. பற்றரி மாதிரித்தான். குளிர்காலத்தில் இங்கே தெரு முழுக்க உப்புக் கொட்டுவார்கள், கேட்கவா வேண்டும். இரும்பு இருக்கும், அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். போன மாதம் வந்த ஒரு ஹீலியில் முன்னைய உரிமையாளர் அந்த வரியைப் பட்டியால் நிரப்பி இழைத்து, பார்க்க முட்டை மாதிரி வைத்திருந்தார். ஸ்குரூ ட்ரைவர் நுனியால் தட்டினேன். நுனி உள்ளே போய்விட்டது. போல்ட்டு ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் என்று சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. வரி திறந்திருந்தால் பத்து வருடம் முன்னமே வெள்ளைத் தூள் வெளியே தெரிந்திருக்கும், போல்ட்டைக் கழற்றி, இடையில் தடுப்புப் பசை பூசித் திரும்பப் பூட்டியிருக்கலாம்.

இத்தாலிக்காரரின் சூப்பர்லெஜ்ஜெரா முறையிலும், அஸ்ரன் மார்ட்டின் டிபி4 அப்படிச் செய்ததுதான், மெல்லிய இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் அலுமினியத் தோல். குழாயும் தோலும் தொடுகிற இடமெல்லாம் இதே நோய்.

#7 பனிமூட்டம்

மிச்சிகனிலிருந்து ஒரு குரல். உங்கள் இரும்புக் கதைக்குள் கண்ணாடி நாரையும் கொண்டு வருகிறேன்.

முதல் கார்வெட் 1953. ஃப்ளின்ட் நகரில் 300 வண்டிகள், எல்லாமே வெள்ளை, உள்ளே சிவப்பு. உடம்பு இரும்பே கிடையாது, கண்ணாடி நார். துண்டு துண்டாக வார்த்து, ஒட்டு வரிக்குப் பின்னால் ஒரு பட்டை வைத்துப் பசையால் ஒட்டியவை. வெளியே இழைத்துப் பெயிண்ட் அடித்தார்கள். ஆனால் வருடங்கள் போகப் போகப் பசை ஒரு விதமாகச் சுருங்கும், நார் ஒரு விதமாகச் சுருங்கும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் மட்கார்டு மேல் அந்த வரி ஆவி மாதிரி தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே கார்வெட் மறுசீரமைப்புச் சங்கத்தின் மதிப்பீட்டில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அதுதான் அளவுகோல். கண்ணாடி மாதிரி இழைத்துக்கொண்டு போய் நிறுத்தினால் மதிப்பெண் குறையும். "உங்கள் கார் ரொம்ப அழகாக இருக்கிறது, அதனால் கழித்துவிட்டோம்" என்பது போல. பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டேன்.

#8 நேர்க்கோடு

சரி, ஹீலியை ஒப்புக்கொள்கிறேன். அங்கே மூடுவது முட்டாள்தனம். ஆனால் மறைப்பதே பாவம் என்கிற மாதிரி பேச்சு போகிறது, அதை விடமாட்டேன்.

1955-ல் வந்த கார்மன் கியாவைப் பாருங்கள். அடியில் சாதாரண ஃபோக்ஸ்வேகன் பீட்டில். மேலே முன் மூக்கிலிருந்து கதவு வரை ஒரு வரி கிடையாது. அது ஒரே அச்சில் வந்ததில்லை. துண்டுகளைப் பற்றவைத்து, ஒட்டுகளை ஈயம் ஊற்றி, ஆட்கள் கையால் அரம் போட்டு இழைத்தார்கள். தொழிற்சாலையே மறைத்த வரி அது. ஜாகுவார் இ-டைப்பிலும் ஈயம் உண்டு. அப்போ தொழிற்சாலை மறைத்தால் கைவண்ணம், நான் மறைத்தால் மோசடியா?

#9 ஈயம்பூசி

நல்ல கேள்வி. இதற்காக இ-டைப்பையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அந்த ஒரே வண்டியில் காட்டிய வரியும் உண்டு, மறைத்த வரியும் உண்டு.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டினார்கள். பானெட்டைப் பாருங்கள்: நடுத் துண்டு ஒன்று, பக்கத்துக்கு ஒரு மட்கார்டு. சந்திக்கும் இடத்தில் போல்ட்டு, மேலே குரோம் பீடிங் ஒரு கோடாக ஓடும். பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். அது ஒட்டை மூடும் பட்டை. அதே வண்டியில் பின் மட்கார்டும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள், ஒன்றும் தட்டுப்படாது. அங்கே ஈயம்.

ஏன் இந்தப் பாகுபாடு? மூக்குதான் முதலில் இடிக்கும். இடித்தால் ஒரு மட்கார்டை மட்டும் கழற்றி மாற்ற வேண்டும், அதனால் போல்ட்டு, அதனால் வரி. சில்லும் பின் மட்கார்டும் வண்டியின் எலும்பு, ஆயுள் முழுக்கப் பிரியக் கூடாது, அசையவும் அசையாது. அசையாத இடத்தில் ஈயம் நிற்கும். கார்மன் கியாவிலும் ஒட்டுகளை ஓரத்தோடு ஓரம் பற்றவைத்து விறைப்பாக்கிவிட்டுத்தான் ஈயம் ஊற்றினார்கள். ஸ்பிட்ஃபயரில் வெல்டிங் புள்ளியில் நிற்கும் மடிப்பின் மேல் அதைச் செய்தால் ஈயமும் ஒரு நாள் வெடிக்கும். தொழிற்சாலை மறைத்ததா காட்டியதா என்பதை விட்டுத்தள்ளுங்கள் நேர்க்கோடு. அடியில் இருக்கும் ஒட்டு என்ன வகை என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

ஈயம் என்றதும் எனக்குக் கை அரிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உலைக்கு முன்னால் உட்கார்ந்து, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக் குச்சியை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவாரே, அதேதான் முதல் படி. இரும்பு வெள்ளையாகும் வரை சுத்தம் செய்து, ஈயம் ஒட்டுவதற்கான மருந்து தடவி, மெல்லிய பூச்சு. அதற்கு மேல் குச்சி: காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு. இந்தக் கலவைக்கு ஒரு குணம் உண்டு. 183 டிகிரியில் இளகத் தொடங்கும், 255 வாக்கில்தான் முழுத் தண்ணீராகும். நடுவில் வெண்ணெய். அந்த வெண்ணெய்ப் பதத்தில் பிடித்து, கொழுப்பிலோ தேன்மெழுகிலோ தோய்த்த மரக்கட்டையால் தடவிக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் காலடியில் சொட்டும், குறைந்தால் மணல் மாதிரி உதிரும். மட்கார்டு பக்கவாட்டில், செங்குத்தாக நிற்கும் தகட்டில், இதைச் செய்ய வேண்டும்! முதல் ஆறு மாதம் என் பூட்ஸுக்குத்தான் ஈயம் பூசினேன்.

இழைப்பது அரத்தால் மட்டும். மெஷின் வைத்து உப்புத்தாள் போட்டால் காரீயத் தூள் மூக்கில் ஏறும், அது நஞ்சு. கடைசியில் மருந்து மிச்சத்தைச் சமையல் சோடாத் தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் ஒரு வருடத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும்.

#10 பெரம்பூர் பாலம்

"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கத்திக்கொண்டு போனவரிடம் இந்த ஞானம் இருந்ததா என்று இப்போது சந்தேகம் வருகிறது.

#11 கேன்லிக்காரன்

காந்தம் ஓட்டினேன். பானெட் மேல் எங்கே வைத்தாலும் டக்கென்று பிடிக்கிறது, அந்த வரி மேல் மட்டும் வழுக்கிக்கொண்டு விழுகிறது. இரண்டு விரல் அகலத்துக்கு. மார்க் 4 பானெட் இல்லை, முன் பம்பர் பொருந்தும் விதமும் அடிப்பக்கமும் மார்க் 3-தான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மழை, வேறு வேலை இல்லை. சுரண்டும் உளியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் உட்கார்ந்தேன். பெயிண்ட், அடியில் பழைய பெயிண்ட், அதற்கு அடியில் ப்ரைமர், அப்புறம் பட்டி. முதலில் தூளாக வந்தது, பிறகு பிஸ்கட் மாதிரி துண்டு துண்டாக. ஒரு துண்டை ஓரம் வைத்து அளந்தேன், 6 மி.மீ. அதற்கும் கீழே கண்ணாடி நார்த் துணி, பழுப்பு நிறத்தில், மீன் செதில் போல உரிந்தது.

அதையும் இழுத்தபோது வயிறு கலங்கிவிட்டது. மடிப்பே இல்லை. யாரோ கிரைண்டர் வைத்து எழும்பி நின்ற மடிப்பை முழுக்க வழித்துவிட்டிருக்கிறார். கல் ஓடிய கீறல்கள் இன்னும் தெரிகின்றன. ஈயம்பூசி ஐயா சொன்ன வெல்டிங் புள்ளிகள் எல்லாம் அந்த மடிப்பில்தானே இருந்தன? மடிப்போடு அவையும் போய்விட்டன. இரண்டு தகடும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன, நடுவில் மயிரிழை இடைவெளி. பானெட்டுக்குக் கீழே டார்ச் வைத்தேன், மேலே கோடாக வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் மட்கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தது பட்டியும் நாரும்தான்!

வலப்பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஹெட்லைட் பக்கத்திலிருந்து பாதி தூரம் மடிப்பை வழிக்காமல், சுத்தியலால் மடக்கிப் படுக்கவைத்து அதன் மேல் பட்டி பூசியிருக்கிறார். புள்ளிகள் தெரிகின்றன. அவருக்குப் பாதியில் கை வலித்திருக்க வேண்டும், அல்லது டீ நேரம்.

#12 வடலி

அந்த டீக்குக் கோயில் கட்டலாம். வலப்பக்கம் மிஞ்சினது உங்களுக்குப் பொக்கிசம் தம்பி, அதைத் தொடாதேயுங்கள். மடிப்பின் உயரம், புள்ளிக்குப் புள்ளி தூரம், முனையில் எப்படி முடிகிறது, எல்லாவற்றையும் அளந்து எழுதி, படமும் எடுத்து வையுங்கள்.

#13 நேர்க்கோடு

இப்போது நிலைமையே வேறு. மடிப்பு போன பிறகு அதைத் திரும்பச் செய்வதும் போலிதானே? எப்படியும் புதுத் தகடு, புது வெல்டிங். அப்படியென்றால் டிக் வெல்டிங்கில் (மின்பொறியால் நுணுக்கமாகப் பற்றவைக்கும் முறை) ஓரத்தோடு ஓரம் ஒட்டி ஒழுங்காக மார்க் 4 மாதிரி ஆக்கிவிடலாம். பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான் வலுவான ஒட்டு.

#14 ஈயம்பூசி

வலு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். யார் செய்வது? அந்த மட்கார்டு உச்சி இரண்டு பக்கமும் வளைகிற தகடு. ஒரு அங்குலம் ஒட்டி, ஆறவிட்டு, வேறு இடத்துக்குத் தாவி ஒரு அங்குலம் ஒட்டி, ஒவ்வொன்றையும் சுத்தியும் தாங்கு கட்டையும் வைத்து நீட்ட வேண்டும். நான் செய்வேன், நான்கு நாள் ஆகும். தம்பிக்கு இது முதல் பானெட்.

மடிப்பைத் திரும்பக் கட்டுவது அவராலேயே முடியும். 1 மி.மீ. தகட்டில் எல் வடிவப் பட்டைகள் மடக்கி, வளைவுக்கு ஏற்ப அடியில் வெட்டுகள் கொடுங்கள். மட்கார்டு ஓரத்தை 1 மி.மீ. பின்வாங்கி, பட்டையின் கால் தகட்டுக்கு அடியில் போகட்டும், மேல் தகட்டில் துளை போட்டு வெல்டிங்கால் நிரப்புங்கள். நடுத் துண்டுப் பக்கமும் அதே மாதிரி. இப்போது இரண்டு பட்டையும் முதுகோடு முதுகாக எழும்பி நிற்கும், ஸ்பாட் கொடுக்குக்கு இடம் கிடைத்துவிடும். வாடகைக்குக் கிடைக்கும் சின்னத் துப்பாக்கியே போதும். ஒட்டும் முகங்களில் துத்தநாக ப்ரைமர், அடிப்பக்கம் சீலர், கடைசியில் மெழுகு.

ஒன்றே ஒன்று. பானெட் வண்டியில் பூட்டியிருக்க, கதவோடு கேப் (இடைவெளி) சரியாக இருக்கும் நிலையில் பிடிபோட்டு நிறுத்திய பிறகுதான் முதல் புள்ளி. மேஜையில் வைத்து ஒட்டினால் அழகான பானெட் வரும், உங்கள் காருக்குப் பொருந்தாது. கதவு கேப் சரியில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு முன்னால் வாருங்கள். திறந்த வண்டி, சில் தளர்ந்திருந்தால் கதவும் சொல்லிவிடும்.

#15 பனிமூட்டம்

ஒரு ஓரக் கேள்வி. ஆலைப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கும் ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கினீர்களா? கேய்டன் மியூசியத்தில் கொடுப்பார்களே.

#16 கேன்லிக்காரன்

வாங்கினேன். தயாரான தேதி, நிறம் எல்லாம் இருக்கிறது. கிரைண்டர் வைத்தவர் பெயர் இல்லை.

#17 கேன்லிக்காரன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

கதவு கேப் மேலே குறுகி, கீழே விரிந்திருந்தது. கீல் அடியில் இருந்த ஷிம்மை, அதாவது மெல்லிய தகட்டுத் துண்டை, மாற்றினேன், சரியாயிற்று. சில் நல்ல சில்தான், அந்த வரை பிழைத்தேன். பட்டையை மூன்று முறை மடக்கினேன், முதல் இரண்டும் குப்பை. பாடி ஷாப்பில் விஷயத்தைச் சொன்னேன். "அப்போதே சொல்லியிருந்தால் நானே செய்திருப்பேனே" என்றார். சரி.

ஸ்பாட் துப்பாக்கி முதல் புள்ளி கவ்வியபோது "டிக்" என்று ஒரு சத்தம், ஒரு நீலப் புகை. கையை எடுத்துப் பார்த்தால் பட்டாணி அளவில் ஒரு குழி. வலப்பக்கம் பழைய மடிப்பில் இருந்த புள்ளிகளின் தூரத்தை ஒரு மரச்சட்டத்தில் குறித்து வைத்திருந்தேன், அதையே இடப்பக்கம் வைத்து ஒவ்வொன்றாகக் கவ்வினேன். இப்போது ஒரு பக்கம் நின்று பானெட்டைத் தூக்கினால் மறுபக்கமும் உடனே கூடவே வருகிறது. முன்பெல்லாம் ஒரு கிறீச் வரும், அது கீல் சத்தம் என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

இடப்பக்கம் ப்ரைமர் வரை முடிந்தது. பீடிங் சும்மா செருகிப் பார்த்தேன், உட்காருகிறது. வலப்பக்கம் மடங்கிக் கிடந்த பாதியை மெதுவாக நிமிர்த்திவிட்டேன், ஒரு இடத்தில் மட்டும் கீறல் விட்டது. மிச்சப் பாதி அடுத்த வாரம்.

#18 பெரம்பூர் பாலம்

பீடிங் செருகின கையோடு சந்தனப் பொட்டு வைத்தீர்களா?

#19 நேர்க்கோடு

படம் போடுங்கள். வரி நேராக இருந்தால் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன்.

#20 கேன்லிக்காரன்

நேராக இல்லை. முன்கண்ணாடிப் பக்கம் வரும்போது ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், வெளியே வளைகிறது. எனக்கும் மனசு கேட்காமல், வலப்பக்கம் நிமிர்த்திய தொழிற்சாலை மடிப்பில் நூல் கட்டி அளந்தேன். அது ஒன்றரை நூல் வெளியே போகிறது.